திரும்பிப் பார்த்த அன்னம்

ஒரு பெண் உடுத்தியிருக்கும் சேலையைத் தொட்டால், அந்தப் பெண்ணைத் தொட்டதாகுமா, ஆகாதா?

சிரிக்காதீர்கள். பட்டிமன்றத் தலைப்பு அல்ல இது. பினாங்கு மலையின் உச்சியில், ஒரு சிறிய காவல் நிலையத்தில், இளம் மலாய் அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்ட கேள்வி. கேள்விக்குக் காரணமானவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து போயிருந்தது. நெற்றியோரம் கைப்பை பட்ட வீக்கம்.

என் கணவர்.

நான் சமூகப் பணியில் பட்டம் பெற்றவள். பேருந்தில் உரசுகிறவர்களையும், திருவிழாக் கூட்டத்தில் கை நீட்டுகிறவர்களையும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனையோ முறை விளாசியிருக்கிறேன். ‘நன்றாகக் கேட்டீர்கள் சகோதரி’ என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டியவர் யாராவது உண்டென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

சமுதாய மேம்பாடு குறித்த ஓராண்டுப் பயிற்சிக்காக நான் கோலாலம்பூரில் தங்கியிருந்ததை வழக்கமான வாசகர்கள் அறிவீர்கள். பயிற்சி முடிய நான்கைந்து மாதம் இருக்கும்போது என் கணவர் ஏகாம்பரம் என்னைப் பார்க்க ஆரணியிலிருந்து புறப்பட்டு வந்தார். ஆரணியில் அவர் ‘மாஸ்டர் வீவர்’. அதாவது, தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வரும் சேலைகளை வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். பெரும்பாலும் காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு. அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தச் சேலைகள் எல்லாம் காஞ்சிபுரத்திலேயே பிறந்தவையாகிவிடும். இது ஊரறிந்த இரகசியம். ஆரணியில் பிறந்தோம் என்று சொல்லிக்கொள்ள அந்தச் சேலைகளுக்கு வாய் இல்லை. வாய் இருக்கும் எங்கள் வீட்டுக்காரரும் சொன்னதில்லை. ஆனால் சாப்பாட்டு இலையின் முன் உட்கார்ந்தால் போதும்... “நெய்யிறது நாம, பேரு அவங்களுக்கு!” என்று தினமும் ஒரு பாட்டம் பொருமுவார். ரசம் வருகிற நேரத்தில் தொடங்கி மோர் வருகிற நேரத்தில் முடிப்பார். மறுநாள் காலை அடுத்த மூட்டை காஞ்சிபுரத்துக்குப் புறப்படும்.

விமான நிலையத்தில் எட்டு மாதம் கழித்து என்னைப் பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடுதான் நின்றேன். அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கால் முதல் தலை வரை இன்னொரு முறை. பிறகு வாயைத் திறந்தார்.

“இன்னா சாந்தா... இந்த ஊர்ல சேலைக்குக் கஞ்சி போடமாட்டாங்களா? கொசுவம் துவண்டுகினு கெடக்குதே!”

இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வாரக் கடைசியில் எங்காவது போகலாம் என்று திட்டமிட்டவள் தேவகி. நான் தங்கியிருந்த வீட்டில் பக்கத்து அறைக்காரி; அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பள்ளி ஆசிரியை. எங்களோடு சேர்ந்துகொண்டவள் லூஸ். என் வகுப்புத் தோழி, பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரி. தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்துவிடுவாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகம் கிடையாது என்று தேவகி சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. ஆரணித் தறிகளுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை அல்ல, அமாவாசை. மாதத்துக்கு ஒரு நாள்.

“அப்போ இவங்களுக்கு மாசத்துல எத்தினி அமாவாச?” என்று கேட்டார்.

“எங்க ஊர் நிலா கொஞ்சம் சோம்பேறிண்ணே” என்றாள் தேவகி.

வெள்ளி இரவு பேருந்து ஏறி, விடியற்காலையில் படகில் கடலைத் தாண்டிப் பினாங்கு போய்ச் சேர்ந்தோம். அழகான நகரம். சீனர் கோயில்கள், பழைய ஆங்கிலேயர் கட்டடங்கள், மசாலா மணக்கும் தமிழர் தெரு, எல்லாவற்றுக்கும் பின்னால் பச்சை மலை. கடற்கரையில் என் கணவரை நிறுத்தி, “எப்படி இருக்கிறது?” என்று ஆசையாகக் கேட்டேன்.

கண்ணைச் சுருக்கிக் கடலை நோட்டம் விட்டார்.

“பரவாயில்ல. நீலம் வந்திருக்குது. ஆனா கரையோரத்துல சாயம் சரியா ஏறல.”

இவரோடு ஊர் சுற்றுவது அப்படித்தான். சீனர் கோயிலில் நாகம் சுற்றிய தூணை நாங்கள் பார்த்தோம். அவர் வாசலில் தொங்கிய பட்டுத் திரையைத் திருப்பி, பின்பக்கம் நூல் எப்படி விட்டிருக்கிறது என்று பார்த்தார். தமிழர் தெருவில் எதிரே வந்த ஒவ்வொரு சேலையையும் எடை போட்டார். “தோ போவுது பார், விசைத்தறி.” “இது பெங்களூரு.” “அது ஜப்பான் நைலான். தீப்பெட்டிய கிட்ட கொண்டு போவாத!” சேலைகளுக்குள் பெண்கள் இருந்தார்கள். அது அவருக்குத் தற்செயலான விஷயம்.

இங்கே ஆரணியின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. எங்கள் ஊரில் பட்டுச் சேலையைக் கண்டால் முந்தியைப் பிடித்துப் பார்ப்பது குசலம் விசாரிப்பதைப் போன்றது. கல்யாண வீட்டில், பேருந்து நிறுத்தத்தில், அம்மன் கோயில் வரிசையில், “எந்தத் தறிம்மா இது?” என்று கேட்டபடியே தொழில்காரர் கை நீளும். பெண்களும் முந்தியை நீட்டிக் காட்டுவார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்பு. உதட்டைப் பிதுக்கினால் சுமார். புருவத்தை உயர்த்தினால் உசத்தி. நானும் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள்தான். அதில் தவறு இருக்கிறதா என்று யோசித்ததே இல்லை. யாரும் அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டுத் தொட்டதில்லை என்பதையும் அந்த மலை ஏறும் வரை நான் கவனித்ததில்லை.

பினாங்கு மலைக்கு ஒரு ரயில் உண்டு. படிக்கட்டுபோல் சாய்ந்த பெட்டி. கம்பிவடம் கட்டி இழுப்பார்கள். மலையின் நடுவே இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாற வேண்டும். சனிக்கிழமை என்பதால் வரிசை நீண்டு, வளைந்து, வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது.

எங்களுக்கு முன்னால் இரண்டு தமிழ் அம்மாள்கள். ஒருவர் அரக்கு நிறப் பட்டில், நகை நட்டோடு. பெயர் மங்களம் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். மற்றவர் அவருடைய சம்பந்தியாகப் போகிறவர். மங்களத்தம்மாளின் மகனுக்கும் இந்த அம்மாளின் மகளுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். சம்பந்திகள் இணக்கமாக ஒரு நாள் சுற்றுலா வந்திருந்தார்கள். இணக்கம் என்றால் எப்படி? ஒருவர் கொடுத்த வடையை மற்றவர் மூன்று முறை மறுத்து, நான்காவது முறை பாதி மட்டும் எடுத்துக்கொள்கிற இணக்கம்.

அந்த அரக்குச் சேலை என் கணவரின் மூக்குக்கு நேராக வெகுநேரம் தொங்கியது. முதலில் சும்மா பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். கரையில் வரிசையாக ஜரிகை அன்னங்கள். அவருடைய வலக்கை விரல்கள் தாமாகவே ஒன்றோடொன்று தேய்ந்துகொள்வதைக் கண்டேன்.

“ஏங்க... வேணாம்.”

“நான் ஒண்ணும் பண்ணலியே. சும்மா பாத்துகினு இருக்கறேன்.”

“கையை ஜோபியில வைங்க.”

வைத்தார். வரிசை இரண்டடி நகர்ந்தது. மங்களத்தம்மாள் திரும்ப, முந்தி காற்றில் விசிறி என் கணவரின் மார்பில் வந்து விழுந்தது. பசித்தவன் இலையில் சோறு விழுந்தால்? பிடித்துவிட்டார். இரு கைகளாலும். பிடித்ததோடு நிற்கவில்லை. கரையைப் பக்கத்தில் இழுத்து எண்ணவும் தொடங்கினார்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... தோ! திரும்பிக்கினு நிக்குது! சாந்தா, நம்ம அன்னம்! நம்ம சேவூர்த் தறி!”

அடுத்த கணம் கைப்பை இறங்கியது. ஒரு முறை அல்ல.

“பொறுக்கி! எவ்ளோ தைரியம் இருந்தா என் சேலையப் புடிச்சு இழுப்ப? ஆளுங்க இவ்ளோ பேரு நிக்கிறாங்க!”

ஆளுங்கள் உடனே தங்கள் இருப்பைக் காட்டினார்கள். ஒருவர் என் கணவரின் சட்டையைப் பற்றினார். பொத்தான் தெறித்தது. தேவகி தலையில் கை வைத்துக்கொண்டாள். லூஸ் என் காதில், “இது உங்கள் ஊர் வணக்கமா?” என்று பணிவோடு கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் கதவு திறந்தது. பின்னாலிருந்த கூட்டம் தள்ளியது. அடித்தவர், அடிபட்டவர், பிடித்தவர், பார்த்தவர் எல்லோரும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டோம். கதவு மூடியது. ரயில் நத்தையாக மலை ஏறத் தொடங்கியது.

உலகத்தில் எந்தச் சண்டைக்கும் விலகிப் போக ஒரு வழி இருக்கும். இந்தச் சண்டைக்கு இல்லை. இரு பக்கமும் காடு.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க” என்றார் என் கணவர், கை கூப்பி. “சத்தியமா நான் உங்களப் பாக்கவே இல்லீங்க. சேலையத்தான் பாத்தேன்.”

நல்ல மனிதர். உண்மையைத்தான் சொன்னார். ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடாத உண்மை.

“என்னைப் பாக்கவே இல்லையாம்!” என்று மங்களத்தம்மாள் பெட்டியைப் பார்த்து முறையிட்டார். “அப்போ நான் என்னா, கடையில நிக்கிற பொம்மையா?”

“அய்ய, அப்படி இல்லீங்க! இது நம்ம சரக்குங்க. ஆரணிச் சேலை. எங்க ஆளு அட்டைய மாத்திக் கட்டிட்டான். அதனால அஞ்சுக்கு ஒரு அன்னம் பின்னால திரும்பிப் போச்சு. தப்பு விழுந்த சரக்குங்க இது. அதான் அடையாளம் தெரிஞ்சுது!”

நெசவு தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கரையில் உருவம் விழத் துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேல் ஏற்றுவார்கள். ஓர் அன்னத்துக்குரிய அட்டைகளை முன்பின்னாகத் திருப்பிக் கட்டிவிட்டால், அந்த அன்னம் மட்டும் எதிர்த்திசையில் நிற்கும். சென்ற ஆண்டு, ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் எங்களுக்கு நெய்யும் தறிகளில் அப்படி ஒரு கோளாறு நடந்தது. கண்டுபிடிப்பதற்குள் பல சேலைகள் இறங்கிவிட்டன. என் கணவர் தலையில் அடித்துக்கொண்டு, வந்த விலைக்கு அவற்றைக் காஞ்சிபுரத்துக்குத் தள்ளிவிட்டார். அதில் ஒன்று கடல் தாண்டி வந்து, எங்கள் முன்னால் மலை ஏறிக்கொண்டிருந்தது.

மங்களத்தம்மாளின் முகத்தில் கோபம் போய் வேறொன்று வந்தது.

“இது காஞ்சிபுரம். நானே ஊருக்குப் போய் எடுத்தேன். ‘அரண்மனை அன்னம்’னு சொல்லிக் குடுத்தாங்க. ராஜா வீட்டுக்கு மட்டும் போடற டிசைனாம்.”

“அரமணையா!” என்று என் கணவர் சிரித்தார். பாவி மனிதர், சிரித்தே விட்டார்.

அதுவரை பேசாமல் இருந்த சம்பந்தியம்மாள் மெதுவாகக் கேட்டார். “தப்பு விழுந்த அன்னமா? என் மகளுக்கு நீங்க குடுத்த கூறைச் சேலையிலயும் இதே அன்னம்தானே இருக்குது?”

மங்களத்தம்மாள் முந்தியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கம்பிவடம் மட்டும் கிறீச்சிட்டது.

“கழிச்சுப் போட்ட சேலையில எம்பொண்ணுக்குத் தாலி ஏறணுமா? மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிற அன்னம்! இது என்ன சகுனம்? எங்க வீட்டுக்காரர் அப்பவே வேணாம்னாரு. நாந்தான் பொண்ணு அழுவுதேன்னு...”

நடு நிலையத்தில் பெட்டி மாறும்போது தேவகி அந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்து விவரம் வாங்கி வந்தாள். பெண்ணும் பையனும் ஒரே தொழிற்சாலையில் வேலை. மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்கள். பெண் வீட்டில் முழு மனதில்லை. ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள். அந்தச் சாக்கை ஆரணியிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார் என் கணவர்.

உச்சியில் இறங்கியதும் மங்களத்தம்மாள் நேராகக் காவல் நிலையத்துக்குள் நுழைந்தார். அதிகாரி எல்லோரையும் உட்காரச் சொன்னார். நாற்காலி இரண்டுதான் இருந்ததால் எல்லோரும் நின்றோம். என் கணவருக்காகப் பேச வேண்டியவள் நான். கதையைக் கேட்டுவிட்டு அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

“ஒன்று மட்டும் சொல்லுங்கள் மேடம். இவர் தொட்டது துணியையா, பெண்ணையா?”

பாருங்கள், எப்படிப்பட்ட கேள்வி! துணியைத்தான் என்றால், இதுவரை நான் எழுதியவற்றை எல்லாம் நானே விழுங்க வேண்டும். பேருந்தில் தாவணியைப் பிடித்து இழுக்கிறவன்கூட நாளை ‘துணியைத்தான் தொட்டேன்’ என்பான். பெண்ணைத்தான் என்றால், அந்நிய நாட்டில் என் கணவர் மேல் வழக்கு. என் பயிற்சிக்கும் ஆபத்து. நியாயம் ஒரு பக்கம், தாலி ஒரு பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் கண்ணாடியைப்போல் உதவுவது வேறில்லை.

“என்னைக் கேட்பதில் பயனில்லை, ஐயா. சேலை அந்த அம்மாளுடையது. உடலும் அவருடையது. அவரையே கேளுங்கள்” என்றேன்.

எனக்கே பெருமையாக இருந்தது. ஆகா, எப்படிப்பட்ட பதில்! அதிகாரி மங்களத்தம்மாளின் பக்கம் திரும்பினார். பெண்குலத்தின் குரல் ஒலிக்கப்போகும் தருணம்...

“தொட்டதெல்லாம் கெடக்கட்டும் சார்” என்றார் மங்களத்தம்மாள், ஆத்திரத்தில் மலாயை மறந்து தமிழிலேயே. “இது காஞ்சிபுரம் இல்லேன்னு இந்த ஆளு சொல்றாரு. அதுக்கு என்ன கேஸ் போடுவீங்க?”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்படி ஒரு சட்டப் பிரிவு தம் நாட்டில் இல்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

“அப்போ இவரு எங்க சம்பந்தி முன்னால உண்மையச் சொல்லட்டும். இது காஞ்சிபுரம்தான், அன்னம் சரியான அன்னம்தான்னு சொல்லட்டும். நான் புகாரு குடுக்கல. போயிடறேன்.”

உண்மை! அந்தச் சொல்லை அவர் அங்கே பயன்படுத்திய அழகை நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

என் கணவரை ஓரமாக அழைத்துப் போனேன். அவர் மறுத்துவிட்டார்.

“இன்னா வேணா கேளு சாந்தா. ஜெயிலுக்குப் போன்னு சொல்லு, போறேன். அது ஆரணி இல்லேன்னு என் வாயால சொல்லமாட்டேன்.”

“இத்தனை வருஷமா மூட்டை மூட்டையா அனுப்பறீங்களே, அதெல்லாம் யார் பேர்ல வித்துச்சு?”

“அது யாவாரம். இது பேச்சு. அங்க நான் பொய் சொல்லல, சும்மா இருந்தேன்.”

“சும்மா இருந்து இருந்துதாங்க அந்தச் சேலைக்கு அரண்மனை கட்டிட்டாங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அசையவில்லை. பிறகு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். முகம் தெரியாத ஒரு பெண், இந்த மலைக்குக் கீழே எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய கல்யாணம் இங்கே நம் வாயில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றேன்.

“மூணு வருசமாவா காத்துகினு இருக்குதுங்க?”

“மூணு வருஷமா.”

“பேஜாராப் போச்சே...” என்று முணுமுணுத்தார். அறுந்த பொத்தான் இருந்த இடத்தைத் தடவியபடி நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார்.

மங்களத்தம்மாளின் எதிரில் நின்று, என் காதுகளையே நம்ப முடியாத ஒன்றைச் சொன்னார்.

“அம்மா, முந்திய ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுங்களா?”

அவருடைய வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டுவிட்டுத் தொடுகிறார். அந்த அம்மாள் நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்து, புரட்டி, தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கடைசியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்கணும்மா. என் கண்ணுதான் தப்பு. இது காஞ்சிபுரம்தாங்க. அசல். எங்க ஊர் ஆளுங்க இதப் பாத்துக் காப்பியடிச்சு நெய்தாங்க. எங்களுக்கு வரல. அதப் பாத்த கண்ணால இதப் பாத்துட்டேன்.”

ஊரை விற்றாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வியாபாரி அல்லவா? சம்பந்தியம்மாளின் பக்கம் திரும்பினார்.

“இந்த அன்னம் ஏன் திரும்பிக்கினு இருக்குது தெரியுங்களா? நாலு அன்னம் தன்பாட்டுக்குப் போவுது. அஞ்சாவது மட்டும், பின்னால வர்றவங்க வர்றாங்களா, வுட்டுப் போச்சான்னு நின்னு பாக்குது. வூட்டுக்கு வர்ற மருமவ அப்படி இருந்தாத்தானே குடும்பம் நிக்கும்? அதுக்காவத்தான் கூறைச் சேலையில இந்த அன்னத்த வெக்கிறது. சும்மா வெக்கல அந்தக் காலத்துல!”

அந்தக் காலம்! சென்ற ஆண்டு ஆடி மாதத்தைத்தான் சொல்கிறார்.

சம்பந்தியம்மாளின் கண்கள் கலங்கின. மங்களத்தம்மாளின் கழுத்து நிமிர்ந்தது. வடையின் மறுபாதியும் அங்கேயே கை மாறியது. அதிகாரி, என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? “அன்னப் பறவைகளைப் பற்றிய ஒரு கருத்து வேறுபாடு. தீர்ந்துவிட்டது” என்றேன். அவர் எல்லோரோடும் கைகுலுக்கினார். லூஸ் எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தாள். இப்போதும் என்னிடம் இருக்கிறது: நடுவில் என் கணவர், இரு பக்கமும் சம்பந்திகள், ஓரத்தில் காவல்துறை.

விடைபெறும்போது மங்களத்தம்மாள் கேட்டார். “தம்பி, உங்களுக்குக் காஞ்சிபுரத்துல ஆளுங்கள தெரியும் போல. என் தங்கச்சிங்களுக்கு இதே அன்னத்துல ரெண்டு சேலை வாங்கி அனுப்ப முடியுமா?”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

“கெடைக்கிறது கஷ்டம்மா... முயற்சி பண்றேன்.”

எல்லாருக்கும் நிறைவு. சேலையின் மானம் காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்த அதிகாரி கேட்ட கேள்வி? அதை யாரும் திரும்ப எடுக்கவில்லை. தொட்டவருக்கு மறந்துவிட்டது, தொடப்பட்டவருக்கும் மறந்துவிட்டது. துணி என்ன ஊர் என்பது தீர்ந்ததும், துணிக்குள் இருந்தவர் யார் என்ற கேள்வி தானாகவே கலைந்துபோயிற்று. நம் ஊரில் எத்தனை பஞ்சாயத்து இப்படி முடிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு மட்டும் அது கலையவில்லை.

இறங்கும் ரயிலில் என் கணவர் வெற்றி வீரராக உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பித்தேன்.

“அந்த மங்களத்தம்மா எப்படி இருந்தாங்க?”

“நல்லா இருந்துச்சே. ஜரிகை கறுக்கவே இல்ல.”

“சேலையக் கேக்கல. ஆள் எப்படி? வயசு என்ன இருக்கும்?”

யோசித்தார். “ஒரு... நாப்பது? அறுவது?”

“கன்னத்துல ஒரு பெரிய மச்சம் இருந்துச்சேண்ணே, எந்தக் கன்னம்?” என்றாள் தேவகி, குறும்பாக.

“மச்சமா?”

வரிசையில் அவ்வளவு நேரம் பின்னால் நின்றார், அடி வாங்கினார், ஒரே பெட்டியில் வாதாடினார், எதிரில் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் அவரிடம் இல்லை. அன்னங்கள் மட்டும் இருந்தன.

“சரி, அவங்கள விடுங்க. நீங்க வந்து ஆறு நாளாச்சு. என் முகத்துல என்ன மாறியிருக்குது? சொல்லுங்க.”

திரும்பினார். பார்த்தார். சேலையை எடை போடுகிற அதே கூர்மையோடு, ஆனால் கொஞ்சம் மேலே. லூஸுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. தன் கண்களைச் சுற்றி விரலால் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினாள்.

“கண்ணாடி!” என்றார். குரல் இறங்கிவிட்டது. “இது... எப்ப போட்ட சாந்தா?”

“ஏர்போர்ட்ல போட்டுகினுதான் நின்னேன். கொசுவம் துவண்டிருக்குதுன்னீங்களே, அப்போ.”

படகில் திரும்பும்போது எதிர்ப் பலகையில் ஒரு பச்சைப் பட்டு, அகலக் கரையோடு, உட்கார்ந்திருந்தது. நானே சொல்கிறேன், கண்ணைப் பறிக்கும் சேலை. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“இன்னாங்க அப்படிப் பாக்கறீங்க?”

“பவர் எவ்ளோ?” என்று கேட்டார்.

வாசகர்களே, இன்று மாலை உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையை நடத்திப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எதிரில் இருப்பவரின் முகத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் என்ன நடந்தாலும் நான் பொறுப்பல்ல.

அந்த அதிகாரிக்கு இப்போதுதான் என்னிடம் விடை இருக்கிறது: கேட்காமல் தொட்டால், பெண்ணைத் தொட்டதாகும். ஆனால் மலை உச்சியிலிருந்து அவரை யார் கூப்பிட்டுச் சொல்வது?

பயிற்சி முடித்து நான் ஊர் திரும்பியபோது, சேவூர்த் தறிகளின் மேல் அட்டைகளை மறுபடி திருப்பிக் கட்டியிருந்தார்கள். அந்தத் தப்பான அன்னத்தை வேண்டுமென்று கேட்டு இரண்டு கடைகள் ஆள் அனுப்பியிருந்தனவாம். கூறைச் சேலைக்கு அதுதான் வேண்டும் என்று சனங்கள் அடம்பிடிக்கிறார்களாம். பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்கும் மருமகள் என்று யாரோ கதை கட்டிவிட்டார்களாம். யார் என்று என் கணவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் தறிகளில் இப்போது ஐந்தாவது அன்னம் வேண்டுமென்றே திரும்பிப் பார்க்கிறது. இன்னும் காஞ்சிபுரம் என்ற பெயரில்தான் விற்கிறது. என் கணவர் சேலையைத் தொடுவதற்கு முன் கேட்கிறார். கேட்பதற்கு முன் முகத்தைப் பார்க்கிறார்.